'அட் ஒன்ஸ்': ஒரு சொற்றொடரும் அமெரிக்கப் பள்ளி வழக்குகளும்

'அட் ஒன்ஸ்' என்பது ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் ஒரு முன்னிடைச் சொற்றொடர் ஆகும். 'அட்' என்னும் முன்னிடைச்சொல்லும், 'ஒருமுறை' என்று பொருள்படும் 'ஒன்ஸ்' என்னும் சொல்லும் சேர்ந்து இது அமைகிறது. இதற்கு இரு பொருள்கள் உண்டு. 'உடனே வா' என்னும் கட்டளையில் வரும் 'உடனே' ஒன்று; 'எல்லோரும் ஒரே நேரத்தில் பேசாதீர்கள்' என்பதில் வரும் 'ஒரே நேரத்தில்' மற்றொன்று. முதற்பொருளில் வரும்போது இத்தொடர் தவணைக்கு இடம் தருவதில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் இன ஒதுக்கலை ஒழிக்கும் வழக்குகளில் இந்தப் பொருளே முக்கியமானது.

1954 தீர்ப்பும் 1955 ஆணையும்

அரசுப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பினத்தவர் எனக் குழந்தைகளைப் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தது. 'பிரவுன் வழக்கு' எனப்படும் இதில், பிரிவினையை எப்போது நீக்க வேண்டும் என்பது சொல்லப்படவில்லை. கறுப்பின மாணவர்கள் சார்பில் வாதாடிய தர்குட் மார்ஷலும் அவருடைய குழுவினரும் உடனடி ஆணையைக் கோரினர். தென் மாநிலங்கள் அவகாசம் கேட்டன.

1955 மே 31 அன்று வெளிவந்த ஆணையில் நீதிமன்றம் வேறொரு முன்னிடைச் சொற்றொடரைத் தேர்ந்தெடுத்தது. அது 'வித் ஆல் டெலிபரேட் ஸ்பீட்' என்பதாகும். 'ஸ்பீட்' என்றால் விரைவு. 'டெலிபரேட்' என்றால் எண்ணிப் பார்த்து, அவசரமின்றிச் செய்வது. 'நிதானமான விரைவுடன்' என்று இதைத் தமிழில் சொல்லலாம். 1911இல் விர்ஜினியாவுக்கும் மேற்கு விர்ஜினியாவுக்கும் இடையிலான கடன் வழக்கில் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இத்தொடரைக் கையாண்டிருந்தார். பிரவுன் வழக்கில் இதைப் பரிந்துரைத்தவர் நீதிபதி பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர்.

தாமதத்தின் விளைவுகள்

ஆணையில் காலக்கெடு இல்லாததால், தென் மாநில நிர்வாகங்கள் விரைவை விட்டு நிதானத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. விர்ஜினியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, பிரவுன் வழக்கோடு இணைத்து விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளுள் ஒன்று எழுந்த இடமாகும். அங்கே கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதைத் தவிர்க்க, 1959இல் அரசுப் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. வெள்ளையர் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி அமைந்தது. கறுப்பினக் குழந்தைகள் பலர் பல ஆண்டுகள் முறையான கல்வியின்றி இருந்தனர். நிதானமான விரைவுக்கான காலம் முடிந்துவிட்டது என்று 1964இல் நீதிபதி ஹியூகோ பிளாக் இக்கவுண்டி வழக்கின் தீர்ப்பில் எழுதினார். அதன் பின்னரே அரசுப் பள்ளிகள் மீண்டும் திறந்தன. அந்த ஆண்டிலும் தென் மாநிலங்களில் வெள்ளையருடன் படித்த கறுப்பினக் குழந்தைகள் 3 சதவீதத்துக்கும் குறைவு.

1969 தீர்ப்பு

மிசிசிப்பி மாநிலப் பள்ளி மாவட்டங்கள் பல 1969இல் மேலும் அவகாசம் கேட்டன. நிக்சன் அரசும் அதை ஆதரித்தது. 'அலெக்சாண்டர் எதிர் ஹோம்ஸ் கவுண்டி' என்னும் அந்த வழக்கில் 1969 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 'நிதானமான விரைவு' என்னும் அளவுகோல் இனிச் செல்லாது என்றும், இரட்டைப் பள்ளி முறையை 'அட் ஒன்ஸ்' முடிவுக்குக் கொண்டுவருவது ஒவ்வொரு மாவட்டத்தின் கடமை என்றும் அது கூறியது. 1955இல் உடனடி ஆணை கோரிய தர்குட் மார்ஷல், இப்போது நீதிபதியாக அந்த அமர்வில் இருந்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் தென் மாநிலப் பள்ளிகளில் இனக் கலப்பு வேகமாக வளர்ந்தது. 1954இல் முதல் வகுப்பில் சேர்ந்த கறுப்பினக் குழந்தை ஒன்று, 'உடனே' என்ற சொல் தீர்ப்பில் இடம்பெறுவதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும்.