மடக்குக் கத்தியும் மான்கொம்புப் பிடியும்

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மலைச்சாலை சின்னாற்றுக் காட்டைக் கடந்து மறையூரை அடைகிறது. அங்கிருந்து பிரிந்து மேலேறும் கிளைச்சாலையில் உள்ளது காந்தலூர். கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் தமிழையே வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல. காந்தலூர், மறையூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி என்னும் ஐந்தூர்களும் சேர்ந்த பகுதிக்கு அஞ்சுநாடு என்பது பெயர். மதுரைச் சீமையில் அரசியற் குழப்பம் மிகுந்த காலத்தில் மலையேறி வந்து குடியமர்ந்தவர்களே தம் முன்னோர் என்பது அஞ்சுநாட்டார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுவோ என்று அன்பர் சிலர் மயங்குவதுண்டு. அது திருவனந்தபுரத்தை அடுத்த இடம் என்பதே வரலாற்றாசிரியர் பலரின் முடிபு.

காந்தலூருக்குப் பெயர் தந்தவை பூண்டும் பழத்தோட்டங்களுமாகும். அண்டையூரான மறையூரின் வெல்லம் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. எனினும் நாம் இங்கே கருத வந்தது அவற்றையன்று. அவ்வூருக்குச் செல்லும் சாலையோரக் காட்டில் வாழும் கடமானின் கொம்பைப் பற்றியே. மிளா என்றும் வழங்கப்பெறும் இம்மானில் கொம்புடையது ஆண் மட்டுமே. பழைய கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிய கொம்பை வளர்த்துக்கொள்வது அதன் இயல்பு. பிற மான்களின் கொம்புக்குள் நுண்துளை மிகுந்த பஞ்சு போன்ற பகுதி பெரிதாக இருக்கும். கடமானின் கொம்பிலோ அது குறைவு, கெட்டித்தன்மை மிகுதி. மேற்புறத்தில் இயற்கையாகவே வரிவரியாகச் சொரசொரப்பு உண்டாதலின் நனைந்த கையினின்றும் அது வழுவாது. கத்திக்குப் பிடி அமைப்பதற்கு இதனினும் ஏற்ற பொருளை மேனாட்டார் எளிதிற் கண்டிலர். ஆகவே இந்தியக் காடுகளிற் பொறுக்கப்பட்ட கடமான் கொம்புகள் நெடுங்காலமாக இங்கிலாந்து நாட்டு ஷெபீல்டு நகருக்கும், செருமானிய நாட்டுச் சோலிங்கன் நகருக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. உதிர்ந்த கொம்பு என்ற பெயரால் வேட்டைக் கொம்பும் கலந்து போகும் என்ற அச்சத்தினால், 1990-களின் இறுதியில் இந்திய அரசு இவ்வேற்றுமதியை நிறுத்தியது. தடை நன்றே என்பது நம் கருத்து. அதன் விளைவொன்று மட்டும் எவரும் எதிர்பாராதது: இந்தியக் கடமான் கொம்பிட்ட சிறு கத்தி மேனாட்டுத் தொகுப்பாளரிடையே அரும்பொருளாகிவிட்டது.

தொகுப்பாளர் என்பார் யாவர்? தபால்தலை தொகுப்போரை நாம் அறிவோம். நாணயம் தொகுப்போரையும் அறிவோம். அவர்களைப் போலவே பழைய முறைப்படி செய்யப்பெறும் மடக்குக் கத்திகளைத் தேடித் தொகுப்போரும் உலகில் உளர். இவர்கள் பழையனவற்றைத் தேடுவதோடு அமைவதில்லை. அடுத்து வெளிவரப் போகும் கத்தி யாது, அதன் பிடி எலும்போ கொம்போ மரமோ, அலகு ஒன்றோ இரண்டோ, எத்தனை கத்திகள் செய்யப்படும் என்று மாதக்கணக்கில் எதிர்நோக்கியிருப்பர். குறிஞ்சி பூப்பதற்குப் பன்னீராண்டு காத்திருக்கும் மலைக்கு அருகில் பிறந்த நமக்கு இக்காத்திருப்பு வியப்பளிக்க வேண்டியதில்லை. அது வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாமல், அதனால் ஒரு தொழில் எங்ஙனம் உயிர் பிழைத்தது என்பதைக் காண்போம்.

முதலிற் பெயரை நோக்குவோம். மொழிபெயர்ப்பு அலுவலிற் காலங்கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு ‘சட்டைப்பைக் கத்தி’ என்று எழுதக் கை கூசும். சட்டையே அணியாத காலத்தில் நம் முன்னோர் பொருளை மடியிற் செருகினர். மடக்குக் கத்தி, பேனாக்கத்தி என்பன நம் வழக்கு. யாழ்ப்பாணத்தார் வில்லுக்கத்தி என்பர். இம்மூன்றனுள் யாழ்ப்பாணத்துச் சொல்லே பொருட்செறிவு உடையது. ஏனெனில், அலகை விரித்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் அசையாது நிறுத்துவது பிடியின் முதுகிலுள்ள எஃகு வில்தான். பேனாக்கத்தி என்பதோ இறகு முனையைச் சீவிய காலத்துப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகு முனைப் பேனா மலிந்து இறகு மறைந்த பின்னும் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இறகு நமக்கு உரியதன்று. நம்மவர் எழுதியது பனையோலையில். ஓலையை நறுக்கவும் வாரவும் கத்தி வேண்டும். எழுத ஊசி வேண்டும். இரண்டையும் ஒரே பிடிக்குள் மடக்கி வைத்த கருவியொன்று தமிழ்நாட்டில் இருந்தது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி. தலை பருத்த குண்டெழுத்தாணியும், சற்றே நீண்டு ஓலை வாரும் தட்டையான அலகையும் உடைய வாரெழுத்தாணியும் வேறு வகைகள். மடக்கெழுத்தாணியின் ஒரு முனையில் எழுத்தாணியும் மறுமுனையில் கத்தியும் இருக்கும். இரண்டும் பிடிக்குள் அடங்கும். கணக்கரும் புலவரும் அதனை மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். நம் மரபில் ‘பேனாக்கத்தி’ என்ற பெயர் எதற்கேனும் முழுதும் பொருந்துமானால் அது இக்கருவிக்கே பொருந்தும். அச்சும் தாளும் பரவியபோது அது மறைந்தது. இன்று அதனைக் காண விரும்புவோர் அருங்காட்சியகங்களையும், பழங்குடும்பத்துப் பெட்டிகளையுமே நாடவேண்டும்.

மடக்குக் கத்தி மிகப் பழைய கருவி. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்னுமிடத்தில் எலும்புப் பிடியிட்ட மடக்குக் கத்தியொன்று கிடைத்துள்ளது, அது கி.மு. ஆறாம் நூற்றாண்டளவினது. உரோமரும் இத்தகைய கத்திகளைப் பயன்படுத்தினர். எனினும் உலகெங்கும் அதனைக் கொண்டு சேர்த்த ஊர் ஷெபீல்டே. பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கதைப்பாத்திரம் ஒன்றின் காலுறையில் ஷெபீல்டுக் கத்தியைச் செருகி வைத்தார். 1624-ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தால் அங்குக் கத்தித் தொழிலாளர் குழு நிறுவப்பெற்றது. ஒவ்வொரு வினைஞனும் தன் அடையாளக் குறியைக் குழுவிற் பதிவு செய்து, அதனை அலகின் அடியிற் பொறிக்க வேண்டும். பிறன் குறியைத் திருடுதல் குற்றம். இற்றை நாளிற் புவிசார் குறியீடு செய்யும் காவலை அன்றே செய்த ஏற்பாடு இது. 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்பார் மூசையில் உருக்கி எஃகு வார்க்கும் முறையை அங்கே நிலைநாட்டினார். ஜோசப் ராட்ஜர்ஸ் என்ற நிறுவனம் விண்மீனும் மால்ட்டாச் சிலுவையும் சேர்ந்த குறியை 1764-இல் பெற்றது. அந்நிறுவனம் 1822-ஆம் ஆண்டில் ஆண்டின் எண்ணுக்கு ஏற்ப 1822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து காட்டியது. ஆண்டு ஏற ஏற அலகுகளும் சேர்க்கப்பட்டன. அதனால் எதனையும் நறுக்க இயலாது என்பது வெளிப்படை. தொழிற்செருக்கைக் காட்டவே அது பிறந்தது.

அச்செருக்கின் அடியில் துயரம் இருந்தது. கத்தியைச் சாணை பிடிப்போர் கல்லின் முன் குனிந்து நாள் முழுதும் கல்தூளையும் எஃகுத் தூளையும் உட்கொண்டனர். ‘சாணைக்காரர் ஈளை’ என்று அந்நோய்க்கே பெயர் ஏற்பட்டது. நாற்பது வயதைக் காணாதவர் பலர். 1840-களில் கால்வர்ட் ஹாலண்ட் என்னும் மருத்துவர் இதனை ஆராய்ந்து எழுதினார். தொகுப்பாளர் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றும் பழங்கத்திகளைப் பார்க்குந்தோறும் இச்செய்தியையும் நினைத்தல் தகும் என்பது நம் எண்ணம்.

இருபதாம் நூற்றாண்டில் ஷெபீல்டின் சிறு பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. மலிவான கத்திகள் சந்தையை நிறைத்தன. எஞ்சியவர்களுள் ஸ்டான் ஷா என்பார் ஒருவர். 1926-இல் பிறந்து, சிறுவராகப் பட்டறை புகுந்து, 2021-இல் மறையும்வரை கையாலேயே மடக்குக் கத்தி செய்தவர். 2017-இல் அரசியின் விருதும் பெற்றார். அவரிடம் ஒரு கத்தி வேண்டுமென்று சொல்லிவைத்தவர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். பொறி ஒருநாளில் ஆயிரம் கத்திகளை உமிழும் காலத்தில், ஒரு முதியவரின் ஒரு கத்திக்காக இத்தனை பேர் ஏன் காத்திருந்தனர்? அலகு விரியும்போது வில் எழுப்பும் ஓசையும், பிடியும் எஃகும் இடைவெளியின்றிப் பொருந்திய நேர்த்தியும் பொறியில் வாரா என்பது அவர்கள் கூறும் விடை.

அமெரிக்காவில் இக்காத்திருப்பு இன்னும் பெரிதாக வளர்ந்தது. பென்சில்வேனியா மாநிலத்துப் பிராட்போர்டு ஊரின் கேஸ் நிறுவனம் 1970-ஆம் ஆண்டு முதல் அலகின் அடியில் பத்துப் புள்ளிகளைப் பொறித்தது. அடுத்த ஆண்டு ஒன்பது, அதற்கடுத்த ஆண்டு எட்டு. இங்ஙனம் ஆண்டுக்கொரு புள்ளியைக் குறைத்து வந்தமையால், கத்தியின் பிறப்பாண்டை எவரும் எண்ணி அறியலாம். ஆண்டு முடியுமுன் அவ்வாண்டுக் கத்தியை வாங்கிவிட வேண்டும், அடுத்த ஆண்டுக் கத்தி எப்போது வரும் என்று பார்த்திருக்க வேண்டும் என்ற ஆவல் தொகுப்போரிடையே மூண்டது. வணிகத் தந்திரம் அல்லவா என்று கேட்கலாம். ஆம், ஓரளவு அதுவே. ஆனால் 2006-இல் அதே மாநிலத்து டைட்டஸ்வில் என்னும் சிற்றூரில் கிரேட் ஈஸ்டர்ன் என்ற கத்திப் பட்டறை தொடங்கியபோது, அதற்கு முதலாக இருந்தது அந்த ஆவலே. 1859-இல் டிரேக் என்பார் துளையிட்டுக் கல்லெண்ணெய் கண்ட ஊர் அது. பழைய முறைகளிலும் பழைய வடிவங்களிலும் சிறு சிறு தொகுதிகளாக அப்பட்டறை கத்திகளைச் செய்தது. மாதிரியின் எண்ணும் அலகின் எண்ணிக்கையும் ஆண்டும் எஃகிற் பொறிக்கப்படும். ஒரு தொகுதி தீர்ந்தால் அதே மாதிரி மீண்டும் எப்போது வருமென்பது நிச்சயமில்லை. எனவே அடுத்த தொகுதியின் அறிவிப்புக்காகத் தொகுப்போர் காத்துக் கிடந்தனர். அழிந்துபோம் என்று கருதப்பட்ட கைத்தொழில் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ள இளைஞர் சிலருக்கு வேலை கிடைத்தது இக்காத்திருப்பினால்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தில் வாழும் தமிழன்பர்கள் இராம்பூரை அறிவர். 1774-இல் நவாப் பைசுல்லாகானால் நிறுவப்பெற்ற அச்சமஸ்தானத்தில், நவாபுகளின் ஆதரவில் வளர்ந்தது இராம்பூரி மடக்குக் கத்தி. விசையுடன் விரிந்து பூட்டிக்கொள்ளும் நீண்ட அலகும், பித்தளை வேலைப்பாடமைந்த பிடியும் அதன் சிறப்பு. வடநாட்டில் அதற்கொப்பான மடக்குக் கத்தி வேறில்லை என்றே கூறலாம். ஆனால் இந்தித் திரைப்படங்கள் அதனைக் கயவர் கையிற் கொடுத்தன. 1990-களில் மாநில அரசு நாலரை அங்குலத்திற்கு மேற்பட்ட அலகுடைய கத்திகளைத் தடை செய்தது. பட்டறைகள் அருகின. வினைஞர் வேறு தொழிலை நாடினர். 2023-ஆம் ஆண்டு அந்நகரின் நாற்சந்தியொன்றில் ஏறத்தாழ இருபதடி நீளமுள்ள கத்திச் சிலையை நிறுவினர்.

ஒப்புநோக்க ஜப்பானிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹியோகோ மாவட்டத்து மிக்கி நகரில் 1890-களில் தோன்றிய ‘ஹிகோனோகாமி’ என்னும் மடக்குக் கத்தி, பள்ளிச் சிறுவர் பென்சில் சீவும் கத்தியாக நாடெங்கும் பரவியது. 1960-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் அசானுமா என்ற அரசியல் தலைவரைப் பதினேழு வயது இளைஞன் ஒருவன் குறுவாளால் மேடையிலேயே கொன்றான். அக்குறுவாள் ஹிகோனோகாமி அன்று. எனினும் சிறுவர் கையிற் கத்தி கூடாது என்ற இயக்கம் கிளம்பி, குற்றமற்ற அச்சிறு கத்தியையும் வாரிக்கொண்டு போயிற்று. பட்டறைகள் பலவாக இருந்த தொழிலில், அப்பெயரிடும் உரிமையோடு எஞ்சியது நாகாவோ குடும்பப் பட்டறை ஒன்றே. அதனை இன்று தாங்கி நிற்போருள் அயல்நாட்டுத் தொகுப்பாளர் பலர்.

இராம்பூரும் மிக்கியும் ஒரே வகைப் பழிக்கு ஆளானவை. இராம்பூரின் தொழில் நலிந்ததற்குச் சட்டம் ஒன்றே காரணமென்று நாம் கருதவில்லை. நாலரை அங்குலத்துக்குள்ளும் நேர்த்தியான கத்தி செய்யலாகும். ‘எனக்கு ஓர் இராம்பூரி வேண்டும், எப்போது கிடைக்கும்?’ என்று வெளிப்படையாகக் கேட்கும் மதிப்புடைய வாடிக்கைக்காரரை அது இழந்துவிட்டதே பெரிய இழப்பு. புனேயில் தினகர் கேல்கர் என்பார் பாக்குவெட்டிகளைத் திரட்டிப் பெரிய அருங்காட்சியகத்தில் இடங்கொடுத்தார். அங்குள்ள தமிழன்பர்கள் ஒருமுறை சென்று காணலாம். மடக்குக் கத்திக்கு அத்தகைய அன்பர் நம் நாட்டில் இனிமேல்தான் தோன்ற வேண்டும்.

நம் வாசகர்களுள் எவரேனும் ஊருக்குச் செல்லுங்கால், பாட்டனார் பெட்டியில் மடக்கெழுத்தாணியோ கொம்புப் பிடியிட்ட பழங்கத்தியோ கண்டால், துருவை மணற்காகிதத்தாலே தேய்த்தல் கூடாது. குறியும் எழுத்தும் அழிந்துபோம். மூட்டில் ஒரு துளி எண்ணெய் விட்டு, மெல்லிய துணியால் துடைத்து, அலகின் அடியில் ஏதேனும் பொறிப்பு உள்ளதா என்று பார்க்கவேண்டும். பிடி மான்கொம்பாயின் அதனை விற்கவோ பிறர்க்கு வழங்கவோ முனையுமுன் வனத்துறை விதிகளைக் கேட்டறிவது நன்று. ஒன்பது அங்குலத்தினும் நீண்ட அல்லது இரண்டங்குலத்தினும் அகன்ற அலகாயின், வீட்டுக்கும் பயிர்த்தொழிலுக்கும் உரிய கருவியாக அல்லாதவிடத்து, படைக்கலச் சட்டப்படி உரிமம் வேண்டும். விமானத்தில் திரும்புவோர் அதனைக் கைப்பையில் வைத்தலாகாது.