தேர்வு: வாயிற்காவலா? துலாக்கோலா?

தென்னாட்டின் முதல் பயணியர் புகைவண்டி, 1856-ஆம் ஆண்டு, சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசாவை நோக்கிப் புறப்பட்டது. அடுத்த ஆண்டு, 1857 செப்டம்பர் 5-ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழகம் சட்டத்தின் வழியே பிறந்தது. இரண்டும் ஆங்கிலேயர் கொணர்ந்தவை. ஆனால், இரண்டையும் சோதித்துப் பார்த்த முறையில்தான் எத்தனை வேறுபாடு! எஞ்சின் நல்லதா என்று அறிய, பெட்டிகளைப் பூட்டி இழுக்கவிட்டார்கள். இழுத்தது, ஏற்றுக்கொண்டார்கள். பட்டதாரி நல்லவனா என்று அறிய, மண்டபத்தில் உட்காரவைத்து, படித்ததை ஒப்புவிக்கச் செய்தார்கள். ஒப்புவித்தான், பட்டம் தந்தார்கள். அவன் எந்தச் சுமையை இழுப்பான், எவருக்காக இழுப்பான் என்று கேட்டார் இல்லை.

இன்று கல்வியாளர் நாவிலெல்லாம் ‘கற்றல் விளைவு’ என்னும் சொல் நடமாடுகிறது. பட்டப் படிப்பை முடித்தவன் என்ன அறிந்தான், என்ன செய்ய வல்லவன் என்பதை அளந்து காண வேண்டும் என்கிறார்கள். நல்ல நோக்கந்தான், நாம் வரவேற்கிறோம். ஆனால், அளவுகோலை எவர் பிடிக்கிறார், எந்த இடத்தில் வைத்துப் பிடிக்கிறார் என்று கேட்பது பகுத்தறிவாளர் கடமை. அந்தக் கேள்விக்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வடசென்னையின் வரலாறே அதை எடுத்துரைக்கிறது.

கற்பிக்காத பல்கலைக்கழகம்

சென்னைப் பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வார்க்கப்பட்ட அச்சு. அது பாடம் நடத்த எழுந்ததன்று. தேர்வு நடத்த எழுந்தது. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை. வினாத்தாள் விடுவதும் பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தின் வேலை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நிலைமை இதுதான். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகமும் கற்பிக்கலாம் என்று இடமளித்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வலுப்படுத்தியது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, கலித்தொகையை 1887-இல் அச்சேற்றிய பெருமகன் அவர். அவருக்குப் பட்டம் தந்த தேர்வு, அவரிடமிருந்த அந்தத் தமிழ்ப் புலமையை அளந்ததா? ஆட்சிக்கு வேண்டிய ஆங்கில அறிவே அன்றைய அளவுகோல். வேண்டியதை அளந்தார்கள்; அளந்ததையே அறிவு என்றார்கள்.

கஞ்சித்தொட்டியிலிருந்து கல்லூரிக்கு

1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்க்க எழுந்தது மணியக்காரர் சத்திரம். அதனை ஒட்டி மருத்துவமனை வளர்ந்தது. ஸ்டான்லி மருத்துவமனை என்று பலகை மாட்டிய பின்னும், ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே வடசென்னை மக்கள் அதனை அழைத்து வந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், காசிமேட்டில் வலை இழுத்தவன், ஆலையில் இயந்திரத்திற்குக் கை கொடுத்துக் கையையே இழந்தவன் - இவர்களே அதன் நோயாளிகள்.

இராயபுரத்தில் நடந்த மருத்துவப் பள்ளி, முதலில் மருத்துவமனை உதவியாளர்களைப் பயிற்றியது, பின்னர் எல்.எம்.பி. என்னும் உரிமப் படிப்பைத் தந்தது. அது பல்கலைக்கழகப் பட்டமன்று, பட்டயம். பட்டம் வேண்டுவோர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். குறைந்த காலமும் குறைந்த பொருளும் உடையோர் பட்டயத்திற்கு வந்தார்கள். 1934-இல் ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் பள்ளிக்குச் சூட்டப்பட்டது. 1938 சூலையில் பள்ளி கல்லூரியாயிற்று. பல்கலைக்கழகத்தின் குடைக்கீழ் வந்தது.

நோயாளிகள் அதே நோயாளிகள். நோய்களும் அதே நோய்கள். ஆனால், பள்ளியில் தேறியவர் ஒரு தட்டு. கல்லூரியில் தேறியவர் வேறொரு தட்டு! 1933-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழகச் சட்டம், பட்டயக்காரர்களை அனைத்திந்தியப் பதிவேட்டில் ஏற்க மறுத்தது. ஊசி போட்ட கை ஒன்றுதான். ஏட்டிலே மட்டும் இரண்டு சாதி!

1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை ஒரு கணக்கைத் தந்தது. இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் 47,524 பேர். அவருள் 29,870 பேர் பட்டயக்காரர்கள். பட்டதாரிகள் 17,654 பேர்தாம். இந்த நாட்டின் நோயைப் பெரும்பாலும் தாங்கி நின்றவர்கள் ‘தகுதி குறைந்தவர்’ எனப்பட்டவர்களே. அந்தக் குழுவின் பெரும்பான்மை, இனிப் பட்டப் படிப்பு ஒன்றே போதும் என்றது. மருத்துவர் இல்லாத நாட்டில் பட்டயப் படிப்பை நிறுத்தலாகாது என்று சிறுபான்மையினர் மாறுபட்டார்கள்.

தரம் உயர வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. அரைகுறை மருத்துவம் ஏழைக்குப் போதும் என்பது கொடுமை. ஆனால், தரத்தை உயர்த்துவோர் கதவையும் உடன் சாத்திவிடும் கதை உலகெங்கும் நடந்தது. 1910-இல் அமெரிக்காவில் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்வையிட்டு அறிக்கை தந்தார். ஆய்வுக்கூடமும் இல்லாமல், நோயாளியையும் காட்டாமல் பட்டம் விற்ற பள்ளிகள் மூடுண்டன, அது நன்மை. அதே காற்றில், கறுப்பின மக்களுக்கென இருந்த ஏழு பள்ளிகளில் ஐந்து மறைந்தன. எஞ்சியவை ஹோவார்டும் மெஹாரியும் மட்டுமே. பள்ளியைத் திருத்தினார்களா, மக்களை நீக்கினார்களா என்று வரலாறு இன்றும் கேட்கிறது.

‘தகுதி’ எங்கே இருக்கிறது?

நீதிக்கட்சி ஆட்சியில் முளைத்த வகுப்புரிமை ஆணை, பின்னர் கல்லூரி இடங்களுக்கும் விரிந்தது. பதினான்கு இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, ஆதித்திராவிடர்க்கு இரண்டு, பார்ப்பனர்க்கு இரண்டு, கிறித்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்குமாக ஒன்று, முசுலிம்களுக்கு ஒன்று எனப் பங்கிட்டது. அப்போது மாநிலத்தின் நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருந்தவை 330 இடங்கள். அந்த நான்கினுள் ஸ்டான்லியும் ஒன்று.

‘தகுதி போயிற்று, திறமை போயிற்று’ என்று கூக்குரல் எழுந்தது. வழக்கு மன்றம் ஏறியது. சம்பகம் துரைராசன் வழக்கில், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. வழக்குத் தொடுத்தவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பதும் அந்த வழக்கிலேயே வெளிப்பட்டது! பெரியார் மூட்டிய கிளர்ச்சி நாட்டை உலுக்கியது. அதே 1951-இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

இங்கே நாம் நிதானித்து எண்ண வேண்டிய ஒன்று உண்டு. வகுப்புரிமை கல்லூரியின் வாயிலோடு நின்றது. உள்ளே புகுந்த பின், எல்லார்க்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு, ஒரே தேர்ச்சி மதிப்பெண். ஆதித்திராவிடர்க்கென்று தனி வினாத்தாள் அச்சிட்டார்களா? பிற்பட்டவர்க்கென்று எளிய நோயாளியைத் தேர்ந்து கொடுத்தார்களா? இல்லையே! வெளியேறும் வாயிலில் ஒரே துலாக்கோலில் நிறுத்துத்தான் பட்டம் தந்தார்கள். அப்படியிருக்க, ‘திறமை கெட்டது’ என்றவர்கள் நுழைவாயிலின் மதிப்பெண்ணையே காட்டினார்கள். விதையை மட்டும் எடைபோட்டு, விளைச்சலைப் பாராமல் தீர்ப்புச் சொல்லும் உழவன் உண்டோ?

அந்தப் பழைய மயக்கம் இன்றும் தீரவில்லை. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. 2017 முதல் ‘நீட்’ வந்து வாயிலை அடைத்தது. அதன் விளைவை ஆராய 2021-இல் நீதிபதி ஏ.கே. ராசன் குழு அமைந்தது. தமிழ்வழி மாணவரும் சிற்றூர் மாணவரும் பின்தள்ளப்பட்டதை அக்குழு எடுத்துக் காட்டியது. நான்கு விடைகளில் ஒன்றைக் குறியிடும் விரைவு, நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் அறிவாகிவிடுமா?

அளப்பது எப்படி?

தேர்வு சீர்கெட்டிருக்கிறது என்பதைப் பெரியோர் முன்பே கண்டனர். 1948-49-இல் ஆய்ந்த இராதாகிருட்டிணன் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒன்றே ஒன்றைத் திருத்தச் சொன்னால், தேர்வைத்தான் திருத்தச் சொல்வோம் என்னும் பொருள்பட எழுதியது. 1975-இல் இசுகாட்லாந்தின் டண்டியில் ரொனால்டு ஹார்டன் மருத்துவத் தேர்வுக்குப் புது வடிவம் தந்தார். மாணவர் பல நிலையங்களை வரிசையாகக் கடந்து, ஒவ்வொன்றிலும் ஒரு செயலைச் செய்து காட்ட வேண்டும். முன்னரே வகுத்த பட்டியலின்படி மதிப்பெண் இடப்படும். தேர்வாளரின் விருப்பு வெறுப்புக்கும், சாதிப் பெயர் கேட்டு முகம் சுளிப்பதற்கும் அங்கே இடம் சுருங்கிவிடுகிறது. 2019 முதல் இந்தியாவின் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் திறனடிப்படையில் அமைக்கப்பட்டது. மாணவர் செய்து கற்றவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றாயிற்று.

ஆனால், ஒன்றை எச்சரிக்க வேண்டும். பதிவேடும் சடங்காகிவிடக் கூடும். பொருள் தெரியாமல் மந்திரம் முணுமுணுப்பவனுக்கும், செய்யாத செயலுக்கு நேரே கையெழுத்து வாங்குபவனுக்கும் வேறுபாடு என்ன? கட்டங்களை நிரப்புவது கற்றல் விளைவு ஆகாது.

வடசென்னை தன் மருத்துவரிடம் எதிர்பார்ப்பது வேறு. 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, கண் எரிந்து, மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதம் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர் அதனைக் கையால் அள்ளினார்கள். நிலக்கரித் தூசும் உலைச் சாம்பலும் அங்கே அன்றாடக் காற்று. இந்த நோயை இனம் காணவும், ‘என்ன வேலை செய்கிறீர்கள் ஐயா?’ என்று தமிழில் மதிப்போடு கேட்கவும், கேட்டதைக் கொண்டு காரணத்தைத் தேடவும் வல்லவரா? அதுவே இராயபுரம் கேட்கும் வினாத்தாள்.

ஆகவே நாம் கோருவன இவை. கல்லூரி எதைக் கற்பிப்பதாக வாக்களித்ததோ, அதை மாணவர் செய்து காட்டும் இடத்தில் அளக்கவேண்டும். புகும்போது எங்கே நின்றவரை, வெளியேறும்போது எவ்வளவு உயர்த்தியது என்று கல்லூரியையும் சேர்த்து அளக்கவேண்டும். முதல் தலைமுறை மாணவர் தோற்றால், தோற்றது அவர் மட்டுமா, கற்பித்தவருமா என்று காணவேண்டும். அந்தக் கணக்கை ஊரறிய வெளியிடவேண்டும்.

தோழர்களே! நம் முன்னோர் நுழைவாயிலைத் திறக்கப் போராடினார்கள். உள்ளே கிடைக்கும் கல்வி உண்மையான கல்விதானா என்று கேட்டுப் பெறும் பொறுப்பு நம் தலைமுறையுடையது. தேர்வுக்கு நாம் அஞ்சவில்லை. வாயிலில் நின்று விரட்டும் காவலாக அல்லாமல், எவர்க்கும் சாயாத துலாக்கோலாக அதைத் தாருங்கள் என்றே கேட்கிறோம். உங்கள் கல்லூரியில், உங்கள் துறையில், இந்தக் கேள்வியை இன்றே எழுப்புங்கள்!