விடைத்தாளின் ஆயுளும் மாணவரின் உரிமையும்

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் பழைய விடைத்தாள்களை எப்போது கழிப்பது என்ற பேச்சு, இட நெருக்கடி வரும்போதுதான் எழுகிறது. அடுத்த பருவத் தேர்வின் கட்டுகள் வந்து இறங்கும். வைக்க இடம் இருக்காது. பழையவை ஏலத்துக்குப் போகும். இதை வெறும் அலுவலகக் காரியமாக நாம் நினைத்துவிடுகிறோம். ஒரு பதிவை எத்தனை காலம் வைப்பது என்று முடிவு செய்பவர், அதைச் சார்ந்த உரிமைக்கும் நாள் குறிக்கிறார் என்பதே என் வாதம்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய்க்கும் இடையிலான வழக்கில், திருத்திய விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் எழுதியவருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் இன்னொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நிறுவனத்தின் விதி விடைத்தாளைக் குறிப்பிட்ட காலம்தான் வைக்கச் சொல்கிறது என்றால், அந்தக் காலத்துக்குள் கேட்டால்தான் கிடைக்கும். சட்டத்தின் 8(3) பிரிவில் வரும் 20 ஆண்டு, பதிவுகளை அத்தனை காலம் காத்து வைக்கும்படி இட்ட கட்டளை ஆகாது என்றும் நீதிமன்றம் விளக்கியது. ஆக, நாடாளுமன்றம் கொடுத்த உரிமை எந்த நாளில் முடிகிறது என்பதைத் தேர்வுப் பிரிவின் ஒரு சுற்றறிக்கை தீர்மானிக்க முடியும்.

அப்படியானால் முதலில் கேட்க வேண்டியது, காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதுதான். ஆறு மாதம் என்று விதி இருக்கட்டும். தேர்வு முடிந்த நாளிலிருந்து எண்ணினால், முடிவு வெளிவருவதற்குள்ளேயே அதில் ஒரு பகுதி கரைந்துவிடும். பிறகு நகலுக்கு விண்ணப்பம், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம், அதன் முடிவு. ஒரு தாளில் தோற்று வேலை வாய்ப்பை இழந்து நிற்கும் பிள்ளைக்கு மறுமதிப்பீட்டு முடிவு கைக்கு வரும் நாளில்தான் உண்மையான கேள்வியே பிறக்கிறது. எனவே மறுமதிப்பீட்டு முடிவு வெளியான நாளே கணக்கின் முதல் நாளாக இருக்க வேண்டும். மேல்முறையீடோ வழக்கோ நிலுவையில் இருந்தால், அந்தத் தாளை அது முடியும்வரை தொடக் கூடாது.

சட்டம் இங்கே போதிய துணை தரவில்லை. 1993ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டம், முறைப்படியன்றிப் பதிவை அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. 1892க்கு முந்தைய பதிவுகளுக்குத் தனிக் காப்பும் தருகிறது. ஆனால் அது மத்திய அரசையும் அதைச் சார்ந்த அமைப்புகளையும் ஒன்றியப் பகுதிகளையுமே கட்டுப்படுத்தும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதன் வரம்புக்குள் வருவதில்லை.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் பழைய முறை ஒன்று நம் கைவசம் இருக்கிறது. கோப்பை முடிக்கும்போது நி.மு., ப.மு., மூ.மு., ஓ.மு. என்று வகை குறிப்பார்கள்: நிரந்தரம், பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு. நல்ல முறைதான். அதன் பலவீனம், கோப்பு முடிகிற அன்றே, அந்த இருக்கையில் இருப்பவரின் ஊகத்தை வைத்து ஆயுள் குறிக்கப்படுவது. ஒரு சிறு கல்லூரியின் இணைவு ஆய்வறிக்கை மூ.மு. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டு கழித்து அக்கல்லூரி மூடப்பட்டு, அதில் படித்த பெண், தன் பாடப்பிரிவுக்கு அந்த ஆண்டு இணைவு இருந்ததா என்று கேட்டு வந்து நிற்கிறாள். அலுவலகம் என்ன பதில் சொல்லும்? கோப்பின் முகப்பில் இருந்த அந்த இரண்டு எழுத்துகள் அவள் பட்டத்தையே தொங்கலில் விட்டுவிட்டன.

அதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்பதும் தீர்வு ஆகாது. பதிவேடுகளை அட்டவணையிட்டுப் பேண வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு சொல்கிறது. காடாத் துணிக் கட்டுகள் கூரை முட்ட அடுக்கிய பதிவறையில் எதைத் தேடி எடுப்பது? அதே அறையில் சேர்க்கை விண்ணப்பங்களோடு சாதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களும் கிடக்கும். நோக்கம் முடிந்த தனிநபர்த் தரவை அழிக்கச் சொல்லும் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளிக்கிறது. காகித நகல்களை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. இருந்தும், பிள்ளைகள் நம்பிக் கொடுத்த தாள்களை வேலை முடிந்ததும் அழிப்பது பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்ட கடன் என்றே கருதுகிறேன்.

வரலாற்றாய்வாளருக்கும் இதில் பங்கு உண்டு. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய ஆண்டுக் குறிப்பேடுகளில் பட்டதாரிகளின் பெயர்ப் பட்டியல்கள் அச்சாகியிருக்கின்றன. சி.வை. தாமோதரம்பிள்ளை அதன் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் என்பதை நாம் இன்றும் உறுதியாகச் சொல்வது, பெயர்களை யாரோ பொறுப்போடு பதிந்து வைத்ததால்தான். மாணவர் எழுதிய விடைகளுக்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை. ஒரு தலைமுறை தமிழை எப்படி எழுதியது, எதைப் புரிந்துகொண்டது, எங்கே தடுமாறியது என்று காட்டும் சான்று அவைதாம். பெயரும் பதிவெண்ணும் நீக்கி, ஒவ்வொரு பாடத்திலும் ஆண்டுக்குச் சில தாள்களை மட்டும் காப்பகத்துக்கு ஒதுக்க ஒரு அலமாரி போதும்.

கழித்தலுக்கும் சுவடு வேண்டும். என்ன பதிவு, எந்த ஆண்டு, எத்தனை கட்டு, எந்த விதிப்படி, யார் சரிபார்த்தார், நிலுவை வழக்கு இல்லை என்று யார் சான்றளித்தார், எந்த நாளில் அழிந்தது. இவ்வளவையும் அழிப்புப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்து நிற்கிறவளுக்குக் கோப்பு இல்லாவிட்டாலும் அந்த வரியையாவது எடுத்துக் காட்ட வேண்டும். அதனால் அந்தப் பதிவேட்டுக்கு வகை நி.மு.