பாரந்தூக்கி

கிரேனைக் குறிக்கும் இச்சொல், மலேசியாவின் ரெம்பியாவில் தமிழ் நாளேடு படிப்பவருக்குப் பழகியது. ‘பாரம்’ வடமொழிவழி வந்தது. ‘தூக்கு’ பழந்தமிழ், செய்யுள் உறுப்புகளில் ஒன்றுக்கே தொல்காப்பியம் அப்பெயரிட்டது. உயர்த்துதல், தொங்கவிடுதல், நிறுத்தல் மூன்றும் அதன் பொருள்கள்.

கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களை ரயிலுக்கும் லாரிக்கும் மாற்றும் இயந்திரங்களைப் பாருங்கள். 40 அடிக் கொள்கலனின் நான்கு மேல்மூலைகளையும் பூட்டிப் பிடித்து உயர்த்துகின்றன, தொங்கவிடுகின்றன. ஓட்டுநருக்கு எடையும் காட்டுகின்றன. எவ்வளவு பொருத்தமான பெயர்! ஆங்கிலப் பெயரோ நீண்ட கழுத்துள்ள கொக்கினப் பறவையிலிருந்து வந்தது.

‘பளுதூக்கி’ என்றும் எழுதுகிறார்கள். அது பளுதூக்கும் வீரரையும் நினைவூட்டும். செய்தி எழுதுவோர் பாரந்தூக்கியையே கையாள வேண்டும்.