அறைப்பெயர்களும் ஊர்ப்பெயரும்: தரங்கம்பாடிக் கடற்கரை விடுதி

பழைய மாளிகையொன்றைப் புதுப்பித்து விடுதியாக்குவோர், அதன் தூணையும் தரையையும் செப்பனிடுவதோடு, எந்தக் காலத்தை நினைவூட்டுவது என்பதையும் தேர்ந்தெடுக்கின்றனர். சார்க்கீஸ் உடன்பிறந்தார் 1885இல் பினாங்கில் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதி, புதுப்பிக்கப்பட்டு 2001இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, குடியேற்ற ஆட்சிக்காலத் தோற்றத்தையே தன் அடையாளமாகக் கொண்டது. இத்தகைய தேர்வில் மொழிக்கும் பங்குண்டு. அதற்குத் தமிழகத்துத் தரங்கம்பாடி தெளிவான சான்றாகும்.

தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் அங்குக் கால்கொண்டனர். டான்சுபோர்க் கோட்டையை எழுப்பினர். 1845இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றனர். கோட்டைக்கு அருகே, ஆங்கிலேய ஆட்சியர் தங்கிய மாளிகையை நீம்ரானா நிறுவனம் புதுப்பித்துக் கடற்கரை விடுதியாக்கியது. உயர்ந்த கூரையும் கடலை நோக்கிய அகன்ற தாழ்வாரமும் பழைய அமைப்பிலேயே நின்றன. அறைகளுக்கு, அத்துறைக்கு வந்த டேனியக் கப்பல்களின் பெயர்கள் இடப்பட்டன. ‘பிரின்சஸ் லூயிஸ்’ அவற்றுள் ஒன்று.

கதவில் எழுதிய பெயரும் ஒரு வரலாற்று வாசகமே. இக்கப்பற்பெயர்களைத் தமிழுக்குத் தொடர்பற்றவை என்று ஒதுக்குதல் பொருந்தாது. 1706இல் டேனியக் கப்பலில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார்; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அவ்வூரிலேயே தமிழில் அச்சேறி முடிந்தது. தமிழ் அச்சு வரலாற்றின் ஓர் அதிகாரம் அக்கப்பல்களோடு பிணைந்துள்ளது.

ஆயினும் கப்பற்பெயர் வந்தவரைச் சொல்லும். வந்த இடத்தைச் சொல்லாது. அதனைச் சொல்வது, விடுதிக்கு அருகே கடலரிப்பில் முன்பகுதியை இழந்து நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து அக்கோயிற் கல்வெட்டு, அவ்வூரைச் ‘சடங்கன்பாடி’ எனக் குறிக்கிறது. சுற்றுலா நூல்களோ தரங்கம்பாடியை ‘அலைகள் பாடும் ஊர்’ என விளக்குகின்றன. தரங்கம் அலையே, ஆனால், இங்குப் பாடி என்பது பாடுதலன்று. அது குடியிருப்பைக் குறிக்கும் ஊர்ப்பெயர் ஈறு. வாழப்பாடி, எடப்பாடி முதலிய கடலில்லா ஊர்களிலும் அவ்வீறு உண்டு. இனிய விளக்கம் பரவும்போது, கல்லில் உள்ள பழம்பெயர் மறக்கப்படுகிறது. ஆகவே, அவ்விடுதியில் தங்கும் தமிழ் மாணவர் கதவையும் கல்லையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே! இப்படிப்பு நமக்கும் அண்மையானது. நாம் சுங்கை வே என்று வழங்கும் இவ்விடம் இன்று ஸ்ரீ செத்தியா என்றும் அறியப்படுகிறது. தரங்கம்பாடியின் பழம்பெயரைக் காக்கக் கல்வெட்டேனும் இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டு மனைகளாக மாறிவிட்ட தோட்டங்களுக்கு நம் முன்னோர் இட்ட தமிழ்ப் பெயர்கள் பலவற்றிற்குக் கல்லுமில்லை, கதவுமில்லை. முதியோர் நாவே அவற்றின் ஏடு. அப்பெயர்களைக் கேட்டு, சொன்னவர் ஒலித்தவாறே, இடமும் காலமும் குறித்து எழுதி வைத்தல் ஒவ்வொரு வகுப்பும் இவ்வாண்டே தொடங்கத்தக்க பணியாகும்.