தேய்வதற்கென்றே ஒரு தட்டு: புல்லட் கிளட்ச்சின் கதை



பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், அப்பாவோட பழைய புல்லட் மேட்டுல ஏறும்போது சத்தம் மட்டும் கூடுது, வண்டி இழுக்கல. கிளட்ச் பிளேட் தேஞ்சு போச்சுன்னு மெக்கானிக் சொல்றார். மாத்தலாமா, இல்ல வண்டியையே கொடுத்துடலாமா?"

மாற்றுங்கள் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இத்தனை வருஷத்து வண்டிக்கு இன்றைக்கும் கடையில் பிளேட் கிடைக்கிறதே, அது எப்படி? அதற்குள் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

மோட்டார் சைக்கிள் பிறந்த காலத்தில் பல வண்டிகளில் கிளட்ச்சே கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு தோல் பெல்ட் நேராகப் பின்சக்கரத்துக்குப் போகும். சக்கரம் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். மறுபடி கிளப்ப, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். ஊருக்குள் பத்து இடத்தில் நிற்க வேண்டியிருந்தால் பத்து முறை இந்த ஓட்டம்! எஞ்சினை நிறுத்தாமல் சக்கரத்தை மட்டும் பிரித்துவிட ஒரு வழி வேண்டும். அதுதான் கிளட்ச்.

என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துவிட்டு, இரண்டு பேரை இழுக்கச் சொல்வேன். பிரிக்கவே முடியாது. கணக்கு முழுக்க ஒன்றில்லை என்றாலும் கிளட்ச்சின் அடிப்படையும் உராய்வுதான். எஞ்சினோடு சுற்றும் தட்டுகளும் கியர் பாக்ஸோடு சுற்றும் தட்டுகளும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங் அவற்றை அழுத்திப் பிடிக்கும். கைப்பிடியை அமுக்கினால் அழுத்தம் விலகும், தட்டுகள் தனித்தனியே சுற்றும். ஒரே பெரிய தட்டு வைக்க மோட்டார் சைக்கிளில் இடம் ஏது? சின்னத் தட்டுகளைப் பலவாக அடுக்கினால் உராயும் பரப்புகள் கூடும், பிடிமானமும் கூடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பல தட்டுக் கிளட்ச்சைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் இங்கிலாந்துப் பொறியியல் பேராசிரியர் ஹீலி ஷா. நம்மைப் போல ஒரு வாத்தியார்!

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் உராய்வுக்கு என்ன வைத்தார்கள் தெரியுமா? பாட்டில் மூடும் தக்கை! தட்டில் துளைகள் போட்டு, தக்கைத் துண்டுகளை வெந்நீரில் ஊறவைத்து அதில் இறுக்குவார்கள். எண்ணெயில் நனைந்தாலும் தக்கை நன்றாகவே பிடிக்கும். ஆனால் சூடு அதிகமானால் கருகிவிடும். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங் வந்தது. அது சூட்டைத் தாங்கியது, ஆனால் அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு என்று தெரியவந்ததும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கலவைகள் வந்தன. பழைய பிளேட்டைக் கழற்றும்போது தூசியை வாயால் ஊதாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி நம் ஊர்க் கதை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஒரு ஊர். தையல் ஊசி செய்வதற்குப் பேர்போன இடம். அங்கேதான் ராயல் என்ஃபீல்டு 1901-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932-ல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. தொழிற்சாலை, நம் திருவொற்றியூரில்.

முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். ஆனால் பூட்டுவதோடு நின்றுவிடக் கூடாது, படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்பது அன்றைய அரசின் கொள்கை. 1957-ல் அச்சுகளும் கருவிகளும் திருவொற்றியூருக்கு வந்தன. 1960-களின் தொடக்கத்திலேயே முழு வண்டியும் இங்கே தயாரானது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் உற்பத்தியே முடிந்துபோனது. கற்றுக்கொடுத்தவர் கடையை மூடிவிட்டார், கற்றுக்கொண்டவர் தொடர்ந்து செய்தார். 1977-ல் சென்னையில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது!

வண்டியைப் பூட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. அதில் தேயும் பாகத்தைச் செய்யத் தெரிந்த அன்றைக்குத்தான் அந்த வண்டி நம்முடையது ஆகிறது. பாகங்களுக்குக் கப்பலையே நம்பியிருந்தால், ரெட்டிச் மூடியபோதே நம் புல்லட்டுகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயிருக்கும்.

இதில் வெறும் பெருமை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது. இத்தனை வருஷம் வடிவம் பெரிதாக மாறாததற்குக் காரணம், போட்டி இல்லாத சந்தையும்தான். வாங்குபவருக்கு வேறு வழி அதிகம் இல்லை. ஆனால் மாறாததால் ஒரு நன்மையும் விளைந்தது. ஒரு தலைமுறை மெக்கானிக் கற்ற வேலை அடுத்த தலைமுறைக்கும் பயன்பட்டது. புத்தகம் பார்க்காமல், கையாலேயே கைமாறிய கல்வி அது. சென்னை புதுப்பேட்டையில் போய்ப் பாருங்கள், புரியும். 2010-ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் நின்று புதிய எஞ்சின் வந்தது. பழைய எஞ்சின் தெரிந்த கைகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கேபிளைப் பாருங்கள். லீவரில் கொஞ்சமும் தளர்வு இல்லாமல் விறைப்பாக இருந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும். அதைச் சரிசெய்தும் வண்டி இழுக்கவில்லை என்றால்தான் பிளேட்டைச் சந்தேகிக்க வேண்டும். பழைய புல்லட்டில் கிளட்ச் இடது பக்கம், பிரைமரி செயின் பெட்டிக்குள் இருக்கிறது. எண்ணெயை வடித்து, இடது ஃபுட்ரெஸ்டைக் கழற்றினால், அந்தப் பெரிய மூடியைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டுதான். உள்ளே ஸ்பிரிங் ஸ்குரூக்களைக் கழற்றினால் தட்டுகள் வரிசையாக வெளியே வரும். எந்த வரிசையில் வந்தன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது பிளேட்டை எண்ணெயில் நனைத்து, லைனிங் தட்டு, இரும்புத் தட்டு என்று அதே வரிசையில் அடுக்குங்கள். ஸ்குரூக்களைச் சமமாக முடுக்குங்கள். ஒரு பக்கம் கூடினால் தட்டு கோணலாக விலகும், கியர் விழாது. மூடியின் ரப்பரைப் பார்த்துவிட்டு, எண்ணெயை லெவல் பிளக் அளவுக்கு ஊற்றுங்கள்.

வண்டி பல நாள் நின்றிருந்தால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும் முன் கிளட்ச்சைப் பிடித்தபடி கிக்கரை இரண்டு முறை மிதியுங்கள், பிரிந்துவிடும். பெரியவர்கள் இப்படிச் செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது சம்பிரதாயம் அல்ல, அறிவியல்.

கியர் பாக்ஸும் எஞ்சினும் நெடுநாள் நிற்க, தான் தேய்ந்து அவற்றைக் காக்கும் விலை குறைந்த பாகம் இந்தப் பிளேட். அது தேய்ந்ததற்காக வண்டியை விற்றுவிடாதீர்கள். மாற்றும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வேலை செய்யும் மெக்கானிக்கிடம், அவர் யாரிடம் தொழில் கற்றார் என்று கேட்டு எழுதி வையுங்கள். தொழிற்சாலையின் வரலாற்றை நிறுவனம் எழுதிக்கொள்ளும். இவர்களுடைய வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

உங்கள் வீட்டு வண்டிக் கதைகளைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் சார்