இரயில்வேயும் இரயில்ரோடும்: ஆங்கில இருப்புப்பாதைச் சொற்களின் பிறப்பிடம்

பிரிட்டானியர் ‘இரயில்வே’ என்பதை அமெரிக்கர் ‘இரயில்ரோடு’ என்பர். தாய்நாட்டுச் சொல்லைக் குடியேறியவர்கள் திரித்துக்கொண்டனர் என்று இதற்கு விளக்கம் கூறுவது நம் வகுப்பறைகளிலும் உண்டு. சான்றுகள் இக்கருத்துக்கு இடந்தரவில்லை.

தொடக்கத்தில் இங்கிலாந்திலேயே இரு சொற்களும் ஒருங்கே வழங்கின. 1825இல் தாமஸ் டிரெட்கோல்டு, நிக்கலஸ் வுட் ஆகிய இருவரும் தனித்தனியே வெளியிட்ட தொழில்நுட்ப நூல்கள் ‘இரயில்ரோடு’ என்ற சொல்லையே தலைப்பில் கொண்டிருந்தன. அதே ஆண்டில் போக்குவரத்தைத் தொடங்கிய ஸ்டாக்டன் - டார்லிங்டன் நிறுவனமோ ‘இரயில்வே’ எனப் பெயர் பூண்டது. பின்னர் இங்கிலாந்து ஒன்றைக் கைவிட்டது. அமெரிக்கா அதனைப் போற்றிக்கொண்டது. அங்கும் மற்றது மறைந்துவிடவில்லை. நொடித்துப்போன அச்சிசன், டொபீகா, சாண்டா பே ‘இரயில்ரோடு’ 1895இல் மறுசீரமைக்கப்பட்டபோது ‘இரயில்வே’ ஆயிற்று. பழைய கடனாளியிலிருந்து புதிய நிறுவனத்தை வேறுபடுத்த அவ்வளவு மாற்றமே போதும் போலும்!

பிற சொற்களில் காணும் வேறுபாட்டுக்கு, இரயிலுக்கு முற்பட்ட போக்குவரத்தை நோக்குதல் வேண்டும். பிரிட்டனில் அது குதிரைக் கோச்சு வண்டி. 1784இல் ஜான் பாமரின் முயற்சியால் தொடங்கிய அஞ்சல் கோச்சுகளில், கொள்ளையரிடமிருந்து அஞ்சலைக் காக்கத் துப்பாக்கியேந்திய காவலர் ஒருவர் உடன்சென்றார். அவரே ‘கார்டு’. பயணியின் பெயரை ஏட்டிற் பதிந்த இடம் ‘புக்கிங் ஆபீஸ்’. தாமஸ் எட்மண்சனின் அச்சிட்ட அட்டைச் சீட்டு பரவியபின் பெயர் பதியும் வேலை ஒழிந்தது. அறையின் பெயர் ஒழியவில்லை. முதல் வகுப்புப் பெட்டியே மூன்று கோச்சு உடல்களை ஒட்டிவைத்தாற்போல் கட்டப்பட்டது எனின், சொற்கள் அங்கிருந்து வந்ததில் வியப்பில்லை.

அமெரிக்காவில் 1807 முதலே ஆறுகளில் நீராவிக் கப்பல்கள் வணிக முறையில் ஓடின. கப்பல் இயந்திரத்தைக் கவனித்தவர் ‘என்ஜினியர்’. இரயிலில் அப்பெயர் ஓட்டுநருக்கு ஆயிற்று. பிரிட்டனிலோ ஜார்ஜ் ஸ்டீவன்சன் போன்று பாதை அமைப்பவரே என்ஜினியர். கப்பற்சரக்கையும் அதன் கூலியையும் குறித்த ‘பிரெயிட்’ அமெரிக்காவில் கரையேறித் தண்டவாளத்திற்கு வந்தது. பிரிட்டானியர் ‘கூட்ஸ்’ என்றனர்.

எல்லாச் சொற்களும் இவ்விளக்கத்துள் அடங்கா. தண்டவாளத்தின் கீழ்க் கிடக்கும் கட்டையைப் பிரிட்டானியர் ‘சிலீப்பர்’ என்பது பழைய தச்சர் வழக்கு. தரையிற் படுத்துக் கட்டுமானத்தைத் தாங்கும் உத்தரத்திற்கு உரிய பெயர். இரு தண்டவாளங்களையும் இடைவெளி மாறாது பிணைப்பதால் அமெரிக்கர் அதனை ‘டை’ என்றனர். ஒருவர் கட்டையின் கிடப்பையும் மற்றவர் அதன் தொழிலையும் கண்டனர்.

சென்னை இராயபுரத்தில் 1856இலும் தைப்பிங்கில் 1885இலும் தொடங்கிய பாதைகள் பிரிட்டானியர் ஆட்சியில் அமைந்தவை. ஆகவேதான் தமிழர் நாவில் கார்டும், கூட்ஸ் வண்டியும், சிலிப்பர் கட்டையும் ஏறின. பிரிட்டானிய இரயில்வேயே 1980களில் தன் சரக்குப் பிரிவை ‘ரெயில்பிரெயிட்’ என்று அழைத்தது. இந்திய இரயில்வே 2022இல் கார்டு பதவியை ‘டிரெயின் மேனேஜர்’ எனப் பெயர் மாற்றியது.